ஒன்று முதல் பத்து வரை

பதினொன்றாம் வகுப்பில் எங்கள் கம்ப்யூட்டர் டீச்சர் என் கையில் ஒரு சிவப்புப் பேனாவைக் கொடுத்தார். நான் கெட்டுப்போனது அன்றைக்குத்தான்.

டீச்சர் கீழே இருந்து வந்தவர். எங்களுக்குக் கொல்லிமலையை விட்டு இறங்கினால் எல்லாமே ‘கீழே’தான், நாமக்கல்லும் கீழே, சேலமும் கீழே, சென்னையும் கீழே. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் பாடம் நடத்துவதற்கு முன்னால் ஆபீஸ் வேலை வந்து அவர் தலையில் உட்கார்ந்துகொள்ளும். பிள்ளைகள் விவரத்தை ஏற்று, வருகைப் பதிவைப் போடு, அந்தப் பட்டியலைப் பிரிண்ட் எடு என்று ஆள் மாற்றி ஆள் கூப்பிடுவார்கள். நோட்டுத் திருத்த அவருக்கு எங்கே நேரம்? வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவள் நான். “கண்ணு, நீயே பாத்து டிக் அடிச்சிரு. நான் அப்பறமா கையெழுத்துப் போட்டுக்கறேன்” என்று பேனாவை நீட்டிவிட்டுப் போனார். கலெக்டர் உத்தியோகம் கிடைத்த மாதிரி வாங்கிக்கொண்டேன்.

அந்த வருஷத்துப் பாடம் சி ப்ளஸ் ப்ளஸ். கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் மொழிகளில் ஒன்று. மகா கறாரான மொழி. ஒவ்வொரு வரியின் முடிவிலும் செமிகோலன் வைக்க வேண்டும். ஒரு எண்ணைப் பயன்படுத்துவதற்கு முன்னால் அது முழு எண்ணா, தசம எண்ணா என்று அறிவிக்க வேண்டும். சேர்ந்து நடக்க வேண்டிய வரிகளை நெளிந்த அடைப்புக்குறிக்குள் போட்டுப் பூட்ட வேண்டும். ஒன்று குறைந்தாலும் திரை முழுக்கப் பிழை என்று கத்தும். எனக்கு அது பிடித்துப்போனது. பிறத்தியாரிடம் தப்புக் கண்டுபிடிப்பது எனக்குப் பிறவிக் குணம் என்று என் அம்மாவே சொல்வார்.

என் பெஞ்சிலேயே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த மொழி வரவேயில்லை. அவளும் என்னைப் போல மலையில் வாழவந்தி நாடு என்கிற பகுதிக்காரிதான். அவர்கள் ஊர் எங்கள் ஊருக்கு அடுத்த நிறுத்தம். அவர்கள் காட்டிலும் மரவள்ளியும் மிளகும், எங்கள் காட்டிலும் அதேதான். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பஸ். பெயர் வேண்டாம், தோழி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். அந்தச் சொல்லுக்கு எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்பதை முழுக்கப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் பிரிவை நான் எடுத்தது மார்க்குக்காக. அவள் எடுத்த காரணம் வேறு. ஒருமுறை அவள் அப்பாவுடன் செம்மேட்டுத் தாலுகா ஆபீசுக்குப் போயிருக்கிறாள். உள்ளே இருந்தவர் நாலு எழுத்தைத் தட்டியதும் பிரிண்டரிலிருந்து அவர்கள் காட்டின் சர்வே எண்ணும், தாத்தா பெயரும், அப்பா பெயரும் வந்து விழுந்திருக்கின்றன. மறுநாளிலிருந்து பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதே பேச்சு. “நாலு எழுத்து அடிச்சா நம்ம காட்டத் தேடி எடுக்கோணும்னு அதுக்கு யார்டி சொல்லிக் குடுத்தது? அதையும் ஒரு ஆளுதான எழுதி வெச்சிருக்கோணும்?” காலேஜிலும் கம்ப்யூட்டர்தான் எடுப்பேன், அப்படி எழுதுகிற ஆளாக வருவேன் என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கேட்டுக்கொண்டு வந்தேனே தவிர, அப்படி ஒரு கேள்வி எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அவள் நோட்டில் நான் போட்ட சிவப்பு வட்டங்களுக்குக் கணக்கில்லை. “ஏண்டி, ஒரு செமிகோலன் வெக்கக் கை வலிக்குதா உனக்கு?” என்று வகுப்பே கேட்கும்படி சொல்வேன். அவள் ஈ என்று சிரித்துவிட்டு வைப்பாள். அடுத்த வரியில் மறுபடியும் மறப்பாள்.

பன்னிரண்டாம் வகுப்பில் மொழி மாறியது. பைத்தான். டீச்சருக்கும் அது புதுசு. அவர் படித்த காலத்தில் அது பாடத்திலேயே இல்லை. “பயப்படாதீங்க, சி ப்ளஸ் ப்ளஸ் தெரிஞ்சா இது ஒண்ணுமே இல்ல” என்றார். அதை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். எனக்குத்தான் சி ப்ளஸ் ப்ளஸ் தெரியுமே! பாடப் புத்தகத்தை நான் படிக்கவேயில்லை. புரட்டினேன். ‘திரும்பத் திரும்பச் செய்தல்’ என்று தலைப்பைப் பார்த்தால், ஓ இது நமக்குத் தெரிந்ததுதானே என்று பத்துப் பக்கத்தைத் தாண்டிப் போவேன்.

லேபில் முதல் வாரமே மூக்குடைந்தது. நெளிந்த அடைப்புக்குறி போட்டேன், பிழை. எண்ணை முன்கூட்டி அறிவித்தேன், அதுவும் பிழை. ஒன்றைக் கூட்டுவதற்கு இரண்டு ப்ளஸ் போட்டேன், ஊஹூம். தெரியாத மொழி என்றால் நிதானமாகப் படித்திருப்பேன். தெரிந்த மொழியின் சித்தப்பா மகன் மாதிரி இருந்ததால் கோபம்தான் வந்தது. இதில் ஒரு கூத்து என்னவென்றால், பைத்தானில் வரி முடிவில் செமிகோலன் தேவையில்லை; ஆனால் வைத்தால் அது எதுவும் சொல்லாது. நான் வழக்கம்போல வைத்தேன், அது சும்மா இருந்தது. ஆகவே செமிகோலன் கட்டாயம் என்று நானே முடிவு செய்து, வைக்காத நோட்டுகளில் எல்லாம் வட்டம் போட்டுத் தள்ளினேன்.

தோழிக்கு வேறு கதை. அவளுக்குப் பழைய மொழி ஒட்டவே இல்லை என்பதால் மறக்கவும் ஒன்றும் இல்லை. புத்தகத்தை முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தாள். பைத்தானில் சேர்ந்து நடக்க வேண்டிய வரிகளைப் பூட்டுவதற்கு அடைப்புக்குறி கிடையாது. அந்த வரிகளைக் கொஞ்சம் உள்ளே தள்ளி எழுத வேண்டும், அவ்வளவுதான். அவள் நோட்டில் மார்ஜின் கோட்டிலிருந்து இரண்டு விரலை வைத்து அளந்து, இடம் விட்டு எழுதினாள். அந்த இடத்தில் நான், “பேப்பரை வீணாக்காதே” என்று சிவப்பில் எழுதியிருக்கிறேன். சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் இடம் விடுவது வெறும் அழகுக்கு. அதையே இங்கேயும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பச் செய்யும் பாடம் வந்த வாரம் முழுக்க மழை, காற்று, கரண்ட் இல்லை. லேப் பூட்டிக் கிடந்தது. கரும்பலகையிலேயே பாடம் முடிந்து, தேர்வும் வைத்தார்கள். ஒன்று முதல் பத்து வரை உள்ள எண்களைக் கூட்டிக் காட்டும் புரோகிராம் எழுத வேண்டும். விடைத்தாள் கட்டு வழக்கம்போல என்னிடம் வந்தது.

எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்று பைத்தானுக்குச் சொல்ல ‘ரேஞ்ச்’ என்று ஒரு சொல் இருக்கிறது. பக்கத்தில் இரண்டு எண் கொடுக்க வேண்டும். நான் ஒன்று, பத்து என்று கொடுத்திருந்தேன். கேள்வியிலேயே ‘பத்து வரை’ என்று இருக்கிறதே, வேறென்ன கொடுப்பது? வகுப்பில் முக்கால்வாசிப் பேர் என்னைப் பார்த்து அப்படியே எழுதியிருந்தார்கள். தோழி ஒருத்தி மட்டும் ஒன்று, பதினொன்று என்று எழுதியிருந்தாள். பதினொன்றை அடித்துப் பத்து என்று திருத்தினேன். செமிகோலன் இல்லை, அதற்கும் குறைத்தேன். விடையைக் காட்டும் கடைசி வரியை அவள் இடம் விடாமல் மார்ஜினை ஒட்டி எழுதியிருந்தாள். முந்தின வரிகளுக்கு இடம் விட்டவள் இதற்கு ஏன் விடவில்லை, ஒழுங்கே கிடையாது என்று அதற்கும் ஒரு மார்க் போனது. பத்துக்கு இரண்டு.

தாளை வாங்கியதும் அவள் முகம் சுருங்கியது. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “இல்லடி, இதுல பத்துன்னு போட்டா ஒம்போதோட நின்னுருமாம். பஸ்சு கணக்கா நெனச்சுக்க. இது எறங்க வேண்டிய ஸ்டாப்புக்கு ஒரு ஸ்டாப்பு முன்னாடியே எறக்கி உட்ருது. பத்துல எறங்கோணும்னா பதினொண்ணுக்கு டிக்கெட் எடுக்கோணும்.”

இன்றைக்கு யோசித்தால் அதைவிடத் தெளிவாக அதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. அன்றைக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? வகுப்பைத் திரும்பிப் பார்த்து, “கேட்டீங்களா? கம்ப்யூட்டருக்கு டிக்கெட் எடுக்கறாளாம்! செம்மேடு வரைக்கும் பஸ்ஸுன்னா செம்மேட்டுல நிக்காம முந்தின ஸ்டாப்பு சோளக்காட்டுலயே எறக்கி உட்ருவானா?” என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் அவளுக்கு ‘டிக்கெட்’ என்று பெயர் விழுந்துவிட்டது. பையன்கள் பஸ்ஸில், “டிக்கெட், டிக்கெட்” என்று கண்டக்டர் மாதிரிக் கத்தினார்கள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். புத்தகத்தை ஒருமுறை பிரித்துப் பார்த்திருக்கலாம், அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்திலேயே இருந்தது. பார்க்கவில்லையே நான்.

இரண்டு நாள் கழித்துக் கரண்ட் வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் லேப் சாவியை வாங்கிக்கொண்டு தனியாகப் போனேன். உண்மை தெரிந்துகொள்ளவா போனேன்? இல்லை. என் புரோகிராமை ஓட்டி, விடையைப் பிரிண்ட் எடுத்து, அவள் மூஞ்சியில் காட்ட வேண்டும் என்றுதான் போனேன். ரேஞ்ச், ஒன்று, பத்து. ஓட்டினேன். நாற்பத்தைந்து என்று வந்தது.

ஒன்று முதல் பத்து வரை கூட்டினால் ஐம்பத்தைந்து என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கைவிரலை விட்டு எண்ணிப் பார்த்தேன். ஐம்பத்தைந்துதான். பத்து குறைகிறது. பத்தை அழித்துப் பதினொன்று போட்டேன். ஐம்பத்தைந்து. செமிகோலன்களை எடுத்தேன், அப்போதும் ஐம்பத்தைந்து. கடைசி வரியை உள்ளே தள்ளிப் பார்த்தேன். ஒன்று, மூன்று, ஆறு என்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு விடையாகப் பத்து விடை வரிசையாக வந்து விழுந்தது. மறுபடி மார்ஜினுக்கு இழுத்தேன், ஒரே ஐம்பத்தைந்து. அவள் எழுதியதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. பத்துக்குப் பத்து.

திரையை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொன்னால் முப்பது பேர் தாளையும் திருத்த வேண்டும். என் தாளையும்தான். நான் முதல் மார்க் இல்லை, டிக்கெட் என்று நான் பட்டம் கட்டியவள்தான் முதல் மார்க் என்று என் வாயாலேயே சொல்ல வேண்டும். அந்த ‘நாளைக்கு’ வரவேயில்லை. மறைக்க ஒன்றுமில்லை, எனக்குப் பொறாமை. சுத்தமான பொறாமை. பக்கத்தில் உட்கார்ந்து இத்தனை நாள் என்னிடம் திட்டு வாங்கியவளுக்கு ஒரு விஷயம் என்னைவிட நன்றாக வருகிறது என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவள் அப்பா பள்ளிக்கூடம் வந்தார். காட்டு வேலையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், வேட்டியில் செம்மண். ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றுகொண்டு, “ஏனுங்க டீச்சர், புள்ள காலேஜுல கம்ப்யூட்டர் எடுக்கறேன்னு ஒத்தக் கால்ல நிக்கறா. பரிச்சைல ரெண்டு மார்க்குன்னு சொல்றாங்க. எங்களுக்கு ஒண்ணும் புரியலீங்க. நீங்க சொன்னாச் சரி” என்றார். டீச்சர் ஏதோ பட்டியலில் மூழ்கியிருந்தார். திருத்திய நோட்டுக் கட்டோடு நான் பக்கத்தில் நின்றிருந்தேன். “இவளக் கேளுங்க. இவதான் நோட்டெல்லாம் பாக்கறா, எல்லாரப் பத்தியும் இவளுக்குத் தெரியும்” என்று என்னைக் காட்டினார்.

அவர் என் பக்கம் திரும்பினார். “ஏங்கண்ணு, நீதான் கூடவே இருக்கறவ. நெசத்தச் சொல்லு சாமி. எம் பொண்ணுக்கு இது வருமா? வருமுன்னா எப்பாடு பட்டாச்சும் சேத்து உட்டர்றேன். வராதுன்னா சொல்லிரு, அங்க போயி அவ அழுகக் கூடாது பாரு. நீ என்ன சொல்றயோ அதான்.”

இப்போதும் அந்த வாசல் எனக்குத் தெரிகிறது. ஐந்து நாளாக எனக்கு உண்மை தெரியும். டீச்சர் தலை குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார். அந்த மனுஷர் நான் வாய் திறப்பதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ‘நல்லா வருமுங்க’ என்று இரண்டு வார்த்தை. அதற்குமேல் அவருக்கு விளக்கம்கூட வேண்டியதில்லை.

“கொஞ்சம் செரமந்தானுங்க” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. தலையை ஆட்டினார். “செரி கண்ணு. நீயாச்சும் ஒடச்சுச் சொன்னியே, நல்லா இருப்ப” என்று சொல்லிவிட்டுப் போனார். டீச்சர் நிமிரவே இல்லை.

தோழி கீழே போய் வரலாறு படித்தாள். நான் கம்ப்யூட்டர் படித்தேன். காலேஜில் மூன்றாவது மொழி, நான்காவது மொழி என்று வந்தபோதெல்லாம் ஒவ்வொன்றிலும் முதல் மாதம் திணறினேன். பழையதை எடுத்துப் புதியதன் மேல் வைத்து அமுக்குகிற புத்தி எனக்குப் போகவேயில்லை. அவளுக்கு அந்தப் புத்தி கிடையாது. எது முன்னால் இருக்கிறதோ அதை அப்படியே பார்ப்பாள். என்னோடு படித்தவர்களிலும் சரி, இப்போது கோயமுத்தூரில் என்னோடு வேலை செய்கிறவர்களிலும் சரி, அப்படிப் பார்க்கத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைச்சல். எனக்குச் சம்பளம் தருவது பைத்தான்தான். இதை எழுதும்போது கூசுகிறது.

போன மாதம் ஊருக்குப் போனபோது ஒரு சான்றிதழ் வேலையாகச் செம்மேட்டுக்குப் போனேன். தாலுகா ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. உள்ளே கம்ப்யூட்டருக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். அவளும் அவள் வீட்டுக்காரரும் நடத்துகிற கடையாம். பட்டா, வருமானம், சாதி என்று வருகிறவர்களுக்கெல்லாம் அவள்தான் விண்ணப்பம் ஏற்றிக் கொடுக்கிறாள். என்னைப் பார்த்ததும், “அடியே!” என்று எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். என் விண்ணப்பத்தை அவளே ஏற்றினாள். நடுவில் ஏதோ பிழை காட்டியது. திரையில் வந்ததை முழுக்கப் படித்தாள், ஒரு கட்டத்துக்குத் திரும்பிப் போனாள், தேதியை மாற்றிப் போட்டாள், சரியாகிவிட்டது.

“உனக்கு நல்லா வருதுடி” என்றேன், வாய் தவறி.

“எனக்கெல்லாம் எங்கடி வருது? ஏதோ குருட்டாம்போக்குல தட்டிக்கிட்டிருக்கேன். உனக்குத்தான் மூள. நமக்கு அது வராதுன்னு அப்பவே தெரிஞ்சு போச்சே.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மனத்தாங்கல் எதுவும் இல்லை. ஒரு உண்மையைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. “இல்லடி. அன்னிக்கு நீ எழுதுனதுதான் சரி. பதினொண்ணுதான். செமிகோலனும் வேண்டாம், கடைசி வரியும் நீ எழுதுன எடத்துலதான் வரோணும். உனக்குப் பத்துக்குப் பத்து. நாந்தான் தப்பாத் திருத்துனேன்” என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

“நெசமாலுமா?” என்றாள். பிறகு மெதுவாக, “எங்கப்பா வந்து கேட்டாரே, அன்னிக்கு. அப்ப உனக்கு அது தெரியுமா?” என்று கேட்டாள்.

“தெரியாதுடி” என்றேன். “காலேஜு போனப்பறந்தான் தெரிஞ்சுது.”

சொல்லி முடித்ததும் அவள் முகம் மலர்ந்தது. “அட லூசு! தெரியாமப் பண்ணுனதுக்கா இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கறே?” என்று என் தோளைத் தட்டினாள். டீ சொன்னாள். உடனே போனை எடுத்து அவள் அப்பாவைக் கூப்பிட்டாள். “அப்பா, கேளுங்க, நான் அப்பவே சரியாத்தான் எழுதியிருக்கேனாமா. பத்துக்குப் பத்தாமா. இவளே சொல்றா” என்று சின்னப் பிள்ளை மாதிரிச் சொன்னாள். அந்தப் பக்கம் அவர் என்ன கேட்டாரோ, போனை என்னிடம் நீட்டினாள்.

“ஏங்கண்ணு, அப்ப எம் பொண்ணுக்கு அது வந்திருக்குதா?”

“வந்துச்சுங்கப்பா. நல்லா வந்துச்சு.”

ஒரு இருமல் கேட்டது. பிறகு, “நாந்தான் சாமி கெடுத்துப்புட்டேன். அவ அத்தன அழுதா. நான் இன்னொரு ஆளக் கேட்டிருக்கோணும். பச்சப் புள்ள உன்னப் போயி நிக்க வெச்சுக் கேட்டேன் பாரு, எம் புத்தி. நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத கண்ணு, உம்மேல தப்பில்ல” என்றார்.

தோழி பக்கத்திலேயே நின்று என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். “சரிங்கப்பா” என்று சொல்லிப் போனை அவளிடம் கொடுத்தேன்.